ஜிஏடி-7 வினாத்தாள்: எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது

ஓயாத கவலைக்கு உதவி தேடிப் போகிறவர்கள் கையில் பல இடங்களிலும் முதலில் தரப்படுவது ஏழு கேள்விகளோடு ஒரே பக்கத்தில் அடங்கும் இந்த வினாத்தாள்தான். ஜிஏடி என்பது பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு, அதாவது பலதையும் பற்றி ஓயாமல் கவலைப்படும் நோய், என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரின் குழுவினர் 2006-ல் வெளியிட்டது. பயன்படுத்தக் கட்டணமில்லை, நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க அருமையான கருவி. நோய்க்குப் பெயர் வைக்க மட்டும் இதை நம்பக் கூடாது.

படபடப்பு, கவலையை நிறுத்த முடியாமை, பலதையும் பற்றி அளவுமீறிக் கவலைப்படுதல், இளைப்பாற முடியாமை, உட்கார முடியாத அளவுக்குத் தவிப்பு, சட்டென்று வரும் எரிச்சல், ஏதோ விபரீதம் நடக்கப்போகிறதென்ற பயம். கடந்த இரண்டு வாரத்தில் இவை எத்தனை நாள் இருந்தன என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஐந்தைத் தொட்டால் லேசான பதற்றம், 10 மிதமானது, 15 கடுமையானது.

பெரும்பாலோர் சறுக்குவது 'எத்தனை நாள்' என்பதில்தான். எவ்வளவு கடுமை என்று எண்ணிக்கொண்டு பதில் எழுதுகிறார்கள். ஒரே ஒரு நாள் உயிர் போகிற மாதிரி பயந்திருந்தால் 3 போடுகிறார்கள். தினமும் மெல்ல அரிக்கும் கவலைக்கோ, பழகிவிட்டதால் 1 போடுகிறார்கள். இரண்டுமே தலைகீழ். காலண்டரை எதிரே வைத்து 14 நாளையும் எண்ணுங்கள். எட்டு நாளோ அதற்கு மேலோ இருந்தால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3, அதற்குக் குறைந்த சில நாட்கள் என்றால் 1.

முதல் ஆய்வில், 10 என்ற எல்லை பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு உள்ளவர்களில் 89 சதவீதத்தினரைக் கண்டுபிடித்தது. இல்லாதவர்களில் 82 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. மீதி 18 சதவீதம் பேருக்கு நோய் இல்லாமலே மதிப்பெண் ஏறியிருக்கிறது. திடீர்ப் பீதி, கூச்ச பயம், அதிகமாகச் சுரக்கும் தைராய்டு, அளவுமீறிய காபி எல்லாமே இதே எண்ணைத் தரக்கூடியவை. ஆகவே 10-ஓ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள், தைராய்டு பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

நோயை உறுதிசெய்ய, கவலை குறைந்தது ஆறு மாதமாவது பெரும்பாலான நாட்களில் இருந்திருக்க வேண்டும். வினாத்தாள் அதைக் கேட்பதில்லை. தூக்கக் குறைவு, தசை இறுக்கம், சோர்வு ஆகியவற்றையும் கேட்பதில்லை. இது பெரிய குறை, ஏனென்றால் கழுத்துவலிக்கும் தூக்கமின்மைக்கும் என்று மருத்துவரிடம் போய், கவலையைப் பற்றி வாயே திறக்காதவர்கள் ஏராளம். எத்தனை மாதமாகக் கவலை என்பதையும் சேர்த்து இந்த நான்கையும் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்.

சிகிச்சை தொடங்கியபின்தான் இதன் அருமை தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். தினமும் நிரப்பினால், 'சரியாகிவிட்டேனா' என்று சோதித்துப் பார்ப்பதே இன்னொரு கவலையாகிவிடும். ஓரிரு புள்ளி ஏற்ற இறக்கத்துக்குப் பொருளில்லை, நாலைந்து புள்ளி குறைந்தால் அது மாற்றம். பதற்றத்துக்குத் தரப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பலன்தர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் சில நாட்களில் சிலருக்குத் தவிப்பு கூடுவதும் உண்டு. அதனால் முதல் தாளைப் பார்த்துவிட்டுத் தாமாகவே மாத்திரையை நிறுத்துவது தவறு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மொத்தத்தோடு நிற்காமல் வரிவரியாகவும் பாருங்கள். மூச்சுப்பயிற்சியும் தசைத் தளர்வும் செய்தபின் நான்காம், ஐந்தாம் கேள்விகள் (இளைப்பாற முடியாமை, தவிப்பு) இறங்கி, இரண்டும் மூன்றும் (கவலை பற்றியவை) அப்படியே நின்றால், உடல் தணிந்திருக்கிறது, கவலைப்படும் பழக்கம் தணியவில்லை. அப்போது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் கவலையோடு நேரடியாக வேலை செய்யும் பகுதி தேவை: மாலையில் 20 நிமிடம் கவலைக்கென ஒதுக்கி மற்ற நேரத்துக் கவலைகளைக் குறித்து அங்கே தள்ளிவைப்பது, பயந்தது உண்மையிலேயே நடந்ததா என்று பின்னர் சரிபார்ப்பது.

இன்னொன்று: தற்கொலை எண்ணத்தைப் பற்றி இதில் ஒரு கேள்விகூட இல்லை. மதிப்பெண் 4 என்றாலும் அந்த எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே மருத்துவரிடமோ அவசர உதவி எண்ணிலோ பேசுங்கள்.