ரைசன் 5 5600எக்ஸ்: மூன்று வேலூர் கோடைகளைத் தாண்டிய பிராசஸர்

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். வேலூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில்தான் வேலை. ஏசி கிடையாது. மே மாதம் மதியம் மூன்று மணிக்கு மேசை மேல் வைத்த வெப்பமானி 36 டிகிரி காட்டும். வாங்குவதற்கு முன் நான் படித்த மதிப்புரைகள் எல்லாம் குளிரூட்டிய அறையில் எடுத்த கணக்குகள். அதனால்தான் என் அறையின் கணக்கை எழுதுகிறேன்.

ஏஎம்டி இந்தப் பிராசஸரை வெளியிட்டது 2020 நவம்பரில். 6 கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட், அதாவது தேவைப்படும்போது தானாக ஏறும் வேகம், ஏஎம்டி சொல்வது 4.6. ஆறு கோர்களும் ஒரே 32 எம்பி கேஷை, சில்லுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகத்தை, பகிர்ந்துகொள்கின்றன. டைம்லைனை முன்னும் பின்னும் இழுக்கும்போது பழைய கம்ப்யூட்டருக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிரச்சினை ஓவர்க்ளாக்கில், அதாவது வேகத்தைக் கையால் ஏற்றுவதில், வந்தது.

அசெம்பிள் செய்து கொடுத்த கடைப் பையன், "அக்கா, 4.6ல லாக் பண்ணிட்டேன், இனிமே பறக்கும்" என்றான். எல்லாக் கோருக்கும் ஒரே வேகம், 1.4 வோல்ட், மேலே பெட்டியோடு வந்த சின்ன கூலர். முதல் பெரிய வேலையில், முகூர்த்த வீடியோ எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருந்தபோது, நாற்பதாவது நிமிடம் திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி ஓடவிட்டு, சூடு, வோல்டேஜ் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து பார்த்தால் சூடு 95 டிகிரி. இந்த சில்லுக்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பே அதுதான். வேகத்தை இப்படிக் கையால் நிலையாக வைத்துவிட்டால் பிராசஸரின் சொந்த மின்வரம்புகள் வேலை செய்யாது. ஒற்றைக் கோர் வேலையில், ஏஎம்டி சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அது தானாகவே எட்டும் 4.65க்கும் போக முடியாது. சூட்டையும் ஏற்றிவிட்டு வேகத்தையும் பிடித்து வைக்கிற வேலை அது.

அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். அடுத்த வாரம் டீப்கூல் ஏகே400 கூலர் வாங்கினேன். இதைப் பிராசஸரின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். நம் ஊரில் பெட்டிக் கூலரோடு ஓவர்க்ளாக் செய்ய நினைக்கவே வேண்டாம். அறை 34 டிகிரி இருந்த நாளில், எதையும் மாற்றாமல், பிராசஸரை முழுச் சுமையில் ஓட்டி மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனை பத்து நிமிடம் ஓடியதில் பெட்டிக் கூலரில் 88 டிகிரி, ஏகே400ல் 71.

அப்புறம்தான் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் பக்கம் போனேன். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) பிபிஓ என்ற, பிராசஸரின் வரம்புகளை மாற்றும் பகுதிக்குள் இருக்கும். ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் கேட்க வேண்டும் என்று பிராசஸர் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கர்வில் மைனஸ் எண் கொடுத்தால் அந்தக் கணக்கு குறையும். ஒரு படிக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மின்வரம்பு ஏஎம்டி வைத்த அதே 76 வாட்தான். ஆனால் வோல்டேஜ் குறைந்ததால் அதே வாட்டுக்குள் வேகம் கூடுகிறது. என் சில்லில் சினிபெஞ்ச் மதிப்பெண் 10,900லிருந்து 11,400 ஆனது. சூடு அதே 71. இந்தப் பிராசஸரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஆனால் அவசரப்படக் கூடாது. எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டேன். சினிபெஞ்ச் அழகாக ஓடியது. அன்று இரவு, ஒரு வேலையும் இல்லாமல் சும்மா கிடந்தபோது ரீஸ்டார்ட் ஆனது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ பிழை, அதாவது வன்பொருள் பிழை, பதிவாகியிருந்தது. முழுச் சுமையில் வேகம் குறைவாகத்தான் இருக்கும். லேசான வேலையில்தான் ஒரு கோர் மட்டும் உச்சிக்குத் தாவும், வோல்டேஜ் போதாமல் விழுவது அங்கேதான். அதனால் கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியை இரவு முழுக்க ஓடவிட்டேன். ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும். ஐந்து இரவுகள் ஆயின. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்டுக் காட்டும் சிறந்த கோர்கள் இரண்டும் மைனஸ் 8க்கு மேல் தாங்கவில்லை. மற்ற நான்கும் மைனஸ் 20ல் நிற்கின்றன. உங்கள் சில்லுக்கு எண்கள் வேறாக இருக்கும், என்னுடையதை அப்படியே போடாதீர்கள்.

வரம்பை 100 வாட்டுக்கு ஏற்றி, பூஸ்டில் 200 மெகாஹெர்ட்ஸ் சேர்த்தும் பார்த்தேன். மதிப்பெண் 11,750, சூடு 80. ஒரு மணி நேர எக்ஸ்போர்ட்டில் இரண்டு நிமிடம் கூட மிச்சமாகவில்லை. மறுபடி 76க்கே இறக்கிவிட்டேன். வரம்பை மாற்ற நினைப்பவர்கள் எண்ணைக் கையால் போடுங்கள். "மதர்போர்டு" என்ற தேர்வை விட்டால் சில போர்டுகள் தலைகால் தெரியாத அளவுக்கு ஏற்றிவிடும். சூடும் வோல்டேஜும் சேர்ந்து நாள்கணக்கில் நின்றால் சில்லு உள்ளே தேயும். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று: பிபிஓவைத் திறக்கும்போதே பயாஸ் எச்சரிக்கும். வரையறைக்கு வெளியே ஓட்டி வருகிற சேதத்துக்கு ஏஎம்டியின் உத்தரவாதம் கிடையாது. வாடிக்கையாளர் வீடியோ இருக்கிற கம்ப்யூட்டர் என்றால், சோதனைக்கு முன் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். நான் எடுத்தேன்.

இந்தப் பிராசஸர் பொருந்தும் ஏஎம்4 மதர்போர்டு ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு, எடிட்டிங்குக்கு, இன்றைக்கும் தாராளமாகச் சொல்வேன். புதிதாகப் போர்டும் ரேமும் சேர்த்து வாங்குகிறவர்கள் அடுத்த தலைமுறை ஏஎம்5ஐப் பாருங்கள். விளையாட்டுக்கு எப்படி என்று கேட்டால், நான் விளையாடுவதில்லை.

அமைப்புகளை எல்லாம் பயாஸ் திரையிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள். போன மாதம் பயாஸ் அப்டேட் செய்தபோது என்னுடையது மொத்தமும் அழிந்தது. படத்தைப் பார்த்துப் பத்தே நிமிடத்தில் திரும்பப் போட்டுவிட்டு, அன்று இரவு மறுபடி ஒருமுறை கோர்சைக்ளரை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஆறு கோரும் பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.