இரண்டு மஞ்சப்பை பாக்கி

டொரண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் திருச்சிக்கு வந்த மறுநாளே, மளிகை, காய்கறி எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கிவிடலாம் என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். முழங்கால் வலியோடு அவர் காந்தி மார்க்கெட்டுக்கு அலைய வேண்டாமே என்ற எண்ணம். 'இயற்கை விளைபொருள் மட்டுமே' என்று விளம்பரம் செய்த ஒரு செயலியைப் பிடித்தேன்.

பணம் கட்டும் இடத்திலேயே முதல் முட்டுக்கட்டை. என் கனடா தொலைபேசி எண்ணையும் அது ஏற்கவில்லை, கனடா வங்கி அட்டையையும் ஏற்கவில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் கனடா உட்படப் பத்து நாடுகளின் எண்களிலேயே யூபிஐ பயன்படுத்த 2023-இல் வழி பிறந்தது. வங்கியில் அதைப் பதியாமல் விட்டது என் சோம்பேறித்தனம். கடைசியில் அம்மாவின் எண்தான் கைகொடுத்தது. ஓடிபி வரும்போதெல்லாம் அவர் கண்ணாடியைத் தேடுவார், அதற்குள் நேரம் கடந்துவிடும்.

பெட்டி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. பிரித்தால், தெர்மாகோல் தட்டில் நான்கு கத்தரிக்காய், அதன்மேல் இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் தாள். கறிவேப்பிலைக்குக்கூடத் தனி உறை. மொத்தம் 11 உறைகள். பிளாஸ்டிக் பைகளை 2019 ஜனவரியிலேயே தடைசெய்த மாநிலம் இது.

துவரம்பருப்புப் பொட்டலத்தில் 'ஆர்கானிக்' என்று பச்சை எழுத்து பளபளத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தும், சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைக் காணவில்லை. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, கடைப் பொட்டலத்தில் அப்படிப் போட என்பிஓபி அல்லது பிஜிஎஸ்-இந்தியா என்ற அரசுத் திட்டங்களில் ஒன்றின் சான்று வேண்டும். கேட்டு எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மூன்று முறை பதில் வந்தது. பணத்தைக்கூடத் திருப்பித் தந்துவிட்டார்கள், கேள்விக்குத்தான் பதில் இல்லை.

எதிர்வீட்டு அத்தைதான் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துவிட்டார். லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் நடத்துவது. சனிக்கிழமை இரவு பட்டியல் வரும், திங்கள் காலையில் வண்டி வரும். அவரிடமும் முத்திரை கிடையாது. ஆனால் தன் விளைச்சலை நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை. பிறகு எதை வைத்து நம்புவது? தொலைபேசியில் குடைந்தேன். "அடுத்த வயல்காரர் மருந்து அடிக்கிறார், தம்பி. அதனால் வரப்போரம் இரண்டு வரிசையில் காய்ப்பதை இந்தக் குழுவில் விற்பதில்லை. அது மண்டிக்குப் போய்விடும்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அங்கும் குறை உண்டு. இரண்டாவது திங்கள் வண்டி வரவே இல்லை, மதியம்வரை தகவலும் இல்லை. கேட்ட கத்தரிக்காய் ஒரு வாரமும் கிடைக்கவில்லை. "பட்டியலில் இருப்பதைச் சமையுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவரிடம் வாங்கிய மாப்பிள்ளைச் சம்பா அரிசியை இரவே ஊறவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால், முதல் நாள் குக்கர் எத்தனை விசில் அடித்தும் சோறு வேகவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே இட்லி ஊற்றினார்.

கிளம்புவதற்கு முந்தைய திங்கள், கடைசியாகக் கீரையும் வாழைக்காயும் வந்தன. வண்டிக்காரர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "போன முறை கொடுத்த மஞ்சப்பை இரண்டு பாக்கி இருக்கிறது" என்றார். ஒன்று என் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் கிடந்தது.