பியர்சால்ஸ் இல்லாத யார்க்‌ஷயர் ஈ: எந்தப் பட்டுநூல் தேறுகிறது?

யார்க்‌ஷயரின் வார்ஃப், நிட், யூர் ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிக்கக் கட்டும் 'ஸ்பைடர்' வகைத் தூண்டில் ஈக்களுக்குப் (நூலும் இறகும் கொண்டு முள்ளில் கட்டும் போலிப் பூச்சிகளுக்கு) பெரும்பாலும் வாலும் கிடையாது, இறக்கையும் கிடையாது. உடலுக்கு ஓர் அடுக்குப் பட்டு, சிலவற்றில் அதன்மேல் கொஞ்சம் மென்மயிர், கழுத்தில் இரண்டு சுற்று இறகு. சாமான் இவ்வளவு குறைவு என்பதால் நூல் மாறினால் ஈயே மாறிவிடுகிறது.

தலைமுறைகளாக இதற்கு வாங்கப்பட்டது பியர்சால்ஸ் காசமர் பட்டு. அதன் உற்பத்தி நின்றுபோனது. பழைய கண்டுகள் சேகரிப்பவர்களிடம் சுற்றுகின்றன. மாற்றாக இரண்டைச் சொல்வார்கள்: துணித்தையலுக்கு விற்கும் ஒய்எல்ஐ 100 எண் பட்டுநூல், எந்தத் தூண்டில் கடையிலும் கிடைக்கும் மெல்லிய பாலியெஸ்டர் நூல்.

பாலியெஸ்டரை ஒரே சோதனையில் தள்ளிவிடலாம். அதில் கட்டிய 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு' (கௌதாரி இறகும் ஆரஞ்சு நூலும்) ஈயைத் தண்ணீரில் நனைத்தாலும் பளிச்சென்ற ஆரஞ்சாகவே நிற்கும். பட்டில் கட்டியது நனைந்ததும் ஒளி ஊடுருவி, அடியிலுள்ள தூண்டில் முள்ளின் கருமை தெரிந்து, செம்பழுப்பாக இறங்கும். மீன் பார்ப்பது அந்த நனைந்த நிறத்தைத்தான். பாலியெஸ்டர் ஈயிலும் மீன் சிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை யார்க்‌ஷயர் ஈ என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஒய்எல்ஐ தேறுகிறது, நிபந்தனையோடு. அசல் பட்டு என்பதால் நனைந்தால் நிறம் இறங்குகிறது; தலை பருக்காத அளவுக்கு மெலிது. சிக்கல் நிறத்தேர்வில். பழைய காசமரில் ஆரஞ்சின் வண்ண எண் 6ஏ. ஒய்எல்ஐயின் வண்ண எண்கள் வேறு கணக்கு. கண்டைப் பார்த்து முடிவு செய்யாமல், கருத்த முள்ளில் பத்துச் சுற்றுப் போட்டு நனைத்துப் பாருங்கள். வெள்ளி நிற முள்ளில் அதே நூல் வெளிறிப்போகும்.

இன்னொன்று, மெழுகு பூசாத பட்டு வழுக்கும். செருப்புத் தைக்கும் கரிய மெழுகை விரலில் உருட்டி இளக்கி, சுமார் 15 செ.மீ. நூலில் ஒரே இழுப்பில் தேய்க்க வேண்டும். குளிரில் மெழுகு இறுகியிருக்கும்போது தேய்த்தால் நூல் அறுந்துவிடும். கரிய மெழுகு மஞ்சள் பட்டை ஆலிவ் பக்கம் தள்ளும். மஞ்சள் பட்டில் மயிர் தூவிக் கட்டும் 'வாட்டர்ஹென் ப்ளோவா' என்ற ஈக்கு அதுதான் தேவை. ஆரஞ்சு பளிச்சென்று வேண்டுமென்றால் வெளிர் மெழுகு.

கட்டும் வரிசை: 14 அல்லது 16 எண் முள். முள்ளின் கண்ணுக்கு (நரம்பைக் கோக்கும் வளையத்துக்கு)ப் பின்னால் நூலைத் தொடங்கி, பார்ட்ரிட்ஜின் பழுப்புப் புள்ளி முதுகிறகைக் காம்பால் அங்கேயே கட்டுங்கள். இழைகள் முள்ளின் வளைவை எட்டினால் போதும். நூலைப் பின்னே கொண்டுபோய், முள்முனைக்கு நேர்மேலே சற்றுத் தாண்டி நிறுத்தி, இடைவெளியில்லாமல் அடுத்தடுத்த சுற்றுகளாகத் திரும்புங்கள். இறகை இரண்டே சுற்று. நுனியைக் கட்டிவிட்டு நூலை இழைகளுக்கு ஊடே தலைக்குக் கொண்டுவந்து விப் ஃபினிஷ் என்ற முடிச்சுப் போடுங்கள். ஊடே கொண்டுவரும் அந்த நடைதான் காம்பைப் பூட்டுகிறது. அதை விட்டால் நாலு மீனில் இறகு அவிழும். மூன்றாவது சுற்றுக்கு ஆசைப்பட்டால் இழைகள் அடர்ந்து, நீரோட்டத்தில் அசைய மறுக்கும்.

இழை பிசிறினால் நூலைத் திட்டுவதற்கு முன் பாபின் (கண்டைப் பிடித்து நூலை விடும் கருவி) குழாயின் விளிம்பைப் பாருங்கள். உலோக விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் பட்டு கிழியும். பீங்கான் குழாய் நல்லது. சொரசொரப்பான விரல்நுனியும் இதே வேலையைச் செய்யும்.

இறகிலும் மாற்று தவிர்க்க முடியாதது. பழைய பட்டியல்களில் வரும் டாட்டரல் பறவையும் எலி போன்ற நீர் வோலும் இன்று பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. முன்னதுக்கு கோல்டன் ப்ளோவர் அல்லது ஸ்டார்லிங் பறவையின் இறகு, பின்னதுக்கு மோல் என்ற வளை தோண்டும் விலங்கின் மயிர். மயிரைப் பட்டு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் தூவ வேண்டும். அப்பினால் ப்ளோவா கெட்டது.

கையில் பழைய பியர்சால்ஸ் கண்டு கிடைத்தால் மேல் சுற்றுகளைக் கழித்துவிட்டு இழுத்துப் பாருங்கள். வெயில் பட்டுக் கிடந்த பட்டு லேசான இழுப்பிலேயே அறும். அறாவிட்டால் அதை ஆரஞ்சுக்கும் ஊதாவுக்கும் ஒதுக்கி, பழக்கத்துக்குக் கட்டுவதற்கெல்லாம் ஒய்எல்ஐயைச் செலவழியுங்கள். இரண்டையுமே மூடிய டப்பாவில், இருட்டில் வைக்க வேண்டும்.