வட ஆஸ்திரேலிய எருமை வேட்டைக்கு .375 ரைஃபிள்: நெடுங்காலப் பயன்பாட்டு அனுபவம்

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் கட்டற்றுத் திரியும் எருமைகள் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷார் அமைத்த கரையோரக் குடியிருப்புகளுக்கு இறைச்சிக்காகவும் உழைப்புக்காகவும் கப்பலில் கொண்டுவரப்பட்டு, 1849இல் அவற்றுள் ஒன்றான போர்ட் எசிங்டன் கைவிடப்பட்டபோது அங்கேயே விடப்பட்டவற்றின் வழிவந்தவை அவை. நன்னீர்ச் சதுப்புகளை மிதித்துக் குழப்பி, கரைகளை உடைத்துக் கடல்நீர் உள்ளே புக வழிசெய்வதால், அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பது அங்கே தேவையாக இருக்கிறது. வளர்ந்த கடா 800 கிலோவைத் தாண்டக்கூடும். அவ்வளவு பெரிய உயிரை வதைக்காமல் விரைவில் வீழ்த்த இயலுமா என்பதையே ரைஃபிள் தேர்வில் முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வருவது .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டாவை (.375 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்) சுடும், கையால் அடைப்புத் தண்டை (போல்ட்) இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். 1912இல் அறிமுகமான இந்தத் தோட்டா, 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19.4 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 770 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. மான் வேட்டைக்குப் போதுமான, இதைவிடச் சிறிய .30-06 தோட்டா கொண்டும் எருமையைக் கொல்ல முடியும் என்பது உண்மைதான். ஆனால் விலங்கு கோணலாகத் திரும்பி நிற்கும்போது தோள் எலும்பை உடைத்து உள்ளே செல்ல அதை நம்பி விசையை அழுத்த எனக்கு மனம் வருவதில்லை. மறுபுறம் .458 வின்செஸ்டர் மேக்னம் பேராற்றல் உடையது எனினும், அதன் பின்னுதைப்புக்கு அஞ்சி விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். .375இன் உதைப்பே .30-06இன் உதைப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பயிற்சியுள்ள தோள் தாங்கக்கூடிய எல்லை, என்னைப் பொறுத்தவரை, அதுதான்.

விட்டத்தைக் காட்டிலும் குண்டின் கட்டமைப்பே முக்கியம் என்பதை ஒவ்வொரு பருவமும் எனக்கு உறுதிப்படுத்தியிருக்கிறது. ஈய உள்ளகமும் செப்பு உறையும் வெறுமனே பொருத்தப்பட்ட சாதாரண குண்டுகள் தடித்த தோலிலும் எலும்பிலும் மோதியவுடன் சிதறிவிடக்கூடும். உறையோடு ஈயம் உருக்கி இணைக்கப்பட்ட வுட்லீ வெல்ட்கோர் போன்றவையோ, ஈயமே இல்லாத பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போன்ற முழுச் செப்புக் குண்டுகளோ முனை விரிந்தும் எடையை இழக்காமல் ஊடுருவுகின்றன. அறுக்கும்போது எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் கையில் தட்டுப்படும் குண்டைத் துடைத்துப் பார்த்தால், முன்பாதி காளானாக விரிந்திருக்க, பின்பாதி குழலில் பதிந்த வரிகளோடு அப்படியே இருக்கும். குறியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: எருமையின் இதயம் பலர் எண்ணுவதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு இடையில் அமைந்திருக்கிறது, பக்கவாட்டில் நிற்கும் கடாவின் முன்னங்கால் கோட்டிலேயே, உடலின் கீழ் மூன்றிலொரு பங்கு உயரத்தில் குறி வைக்க வேண்டும். முதல் குண்டு சரியாகப் பட்டாலும், அது நின்றுகொண்டிருக்கும் வரை அடுத்தடுத்துச் சுட வேண்டும்.

அந்த இரண்டாம் குண்டுக்காகவே மவுசர் 98 எனும் பழைய ஜெர்மன் ரைஃபிளின் வகை போல்ட் அமைப்பை வலியுறுத்துகிறேன். தோட்டா மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி) எழும்போதே அகன்ற கொக்கி அதன் விளிம்பைப் பற்றிக்கொள்வதால், பதற்றத்தில் போல்ட்டை அரைகுறையாக இழுத்துத் தள்ளினாலும் இரண்டு தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிச் சிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 1996க்குப் பிறகு, சுட்டவுடன் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைஃபிள்கள் அங்கே கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டதால், சாதாரண உரிமம் உடையவருக்குப் பெரும்பாலும் போல்ட் ஆக்‌ஷனே வழி.

வறண்ட பருவத்தின் மாவு போன்ற புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். ஆகவே போல்ட்டை ஏறத்தாழ உலர்ந்த நிலையிலேயே வைத்திருக்கிறேன். ஈரப்பதத்தில், குழலைத் தாங்கும் மரக்கட்டை உப்பி அதை அழுத்தி, குறியை இடம் மாற்றக்கூடும் என்பதால் செயற்கை இழைக் கட்டையும் துருப்பிடிக்காத எஃகுக் குழலும் கொண்டதை வாங்குவதே நல்லது. பெரும்பாலும் 100 மீட்டருக்கு உள்ளேயே சுட நேர்வதால் 1.5 முதல் 5 மடங்கு வரை பெருக்கும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தாராளமாகப் போதும். கண்ணுக்கும் அதற்கும் இடையே 9 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி இருக்கட்டும், இல்லையெனில் உதைப்பில் புருவம் கிழியும். குறை என்று சொன்னால் இரண்டு: ஸ்கோப்போடும் தோட்டாக்களோடும் சேர்த்து நாலரைக் கிலோவை நெருங்கும் எடை நண்பகல் வெயிலில் தோளை அழுத்துகிறது, தோட்டாவின் விலையும் அதிகம் என்பதால், பயிற்சியின் பெரும்பகுதியைச் சிறிய .22 ரைஃபிளில் முடித்துக்கொண்டு, பருவம் தொடங்கும் முன்பு மட்டும் .375ஐ முக்காலித் தாங்கியில் வைத்து நின்ற நிலையில் சுட்டுப் பழகுகிறேன்.