பெய்ஜிங்கில் வாத்து சாப்பிடப் போகிறவர்கள் மீனின் விலையை முதலில் கேளுங்கள்

போன அக்டோபரில் பெய்ஜிங்கில் நாங்கள் நான்கு பேர் ஒரு வேளை சாப்பிட்டதற்கு 2,347 யுவான் பில் வந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 28,000 ரூபாய். நான் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கு அதிகம் போனால் 800 யுவான். வரும் விடுமுறைக்கு அங்கே போகும் நண்பர்கள் இரண்டு பேர் நல்ல வாத்துக் கடை எது என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் இரண்டரை வருடமாகச் சீனாவின் ஷென்ஜென் நகரில் வேலை பார்க்கிறேன். சீன மொழி கொஞ்சம் பேசுவேன், கடைப் பலகைகளைத் தட்டுத்தடுமாறி வாசிப்பேன். அப்பா, அம்மா, தங்கை மூவரும் முதல்முறையாக இங்கே வந்திருந்தார்கள். அப்பாவுக்குப் பெருஞ்சுவரைவிட வாத்து மேல்தான் ஆசை அதிகம். அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டத்தை மேய்த்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவள். வாத்துக் குழம்பு அவள் கைக்குப் பழகிய சமையல். இது பின்னால் முக்கியமாகப் போகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

சீன தேசிய தின விடுமுறை அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம். நாடே ஊர் சுற்றக் கிளம்பும் நாட்கள் அவை. அந்த வாரத்தில் போனது என் தவறு. 1864-இல் தொடங்கிய சுவான்ஜூதே உணவகத்துக்குத்தான் போக நினைத்திருந்தோம். சியன்மென் பகுதியில் இருக்கும் அதன் பழைய கடையின் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததுமே அப்பாவின் முகம் வாடிவிட்டது. அன்றைக்கு முழுநாளும் எங்களைக் காரில் கூட்டிப்போன ஓட்டுநர், "இதைவிட நல்ல இடம் இருக்கிறது, காத்திருக்க வேண்டாம், நானே மேசை சொல்லித் தருகிறேன்" என்றார். முதலில் வேண்டாம் என்றேன். அம்மாவுக்குக் கால் வலி. சரி என்று ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

அவர் இறக்கிவிட்ட இடம் சுவான்ஜூதேயும் இல்லை, அதன் கிளையும் இல்லை. பார்த்தால் பெரிய இடம்தான். சிவப்புத் தூண்கள், பட்டு உடை அணிந்த பணிப்பெண்கள், நுழைந்ததும் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் விறகு எரியும் செங்கல் அடுப்பு. ஓட்டுநர் உள்ளே வந்து வரவேற்பு மேசையில் ஏதோ ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்களைக் கூட்டிவந்ததற்குக் கடை தரும் தரகுக்கான சீட்டு அது. அந்த நிமிடமே நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்களைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். கேட்காமலே தேநீர் ஊற்றினார்கள். பாதி வாத்து போதும் என்றேன். பெய்ஜிங்கில் பெரும்பாலான கடைகளில் பாதி வாத்து தருவார்கள். இங்கே இல்லையாம், முழு வாத்துதான், 328 யுவான். நான்கு பேருக்கு முழு வாத்து சரிதான் என்று ஒத்துக்கொண்டேன். அடுத்து அந்தப் பெண், தனி அறையில் உட்கார்ந்தால் வாத்து மட்டும் சொல்லக் கூடாது, இன்னும் மூன்று வகையாவது சொல்ல வேண்டும் என்றாள். குறைந்தது இவ்வளவு ரூபாய்க்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று உணவகங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சீனாவில் 2014 நவம்பர் முதல் விதியே இருக்கிறது. பணத்துக்குப் பதில் இத்தனை வகை என்று சொல்லி அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு அந்த விதியே தெரியாது. இரண்டு கீரை வகைகளைச் சொன்னேன். மூன்றாவதாக அவள் மீனைக் காட்டினாள். களவா மீன், தொட்டியில் உயிரோடு இருக்கிறது, ஆவியில் வேகவைத்துத் தருவோம் என்றாள். பட்டியலில் 58 என்று இருந்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். 58 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'லியாங்' என்று ஒரு சீன எழுத்து. அந்த எழுத்துக்கு 'இரண்டு' என்றும் பொருள் உண்டு. தினமும் கடையில் 'இரண்டு கொடுங்கள்' என்று நான் சொல்லும் சொல்லே அதுதான். இரண்டு பேர் சாப்பிடும் அளவு 58 யுவான் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அந்த இடத்தில் லியாங் என்பது எடை. சீனாவில் ஒரு ஜின் என்றால் அரை கிலோ, அதில் பத்தில் ஒரு பங்கு லியாங், அதாவது 50 கிராம். மீன் 50 கிராமுக்கு 58 யுவான். கிலோ 1,160 யுவான். மற்ற எல்லா வகைக்கும் தட்டுக்கு விலை போட்டுவிட்டு, இது ஒன்றுக்கு மட்டும் 50 கிராமுக்கு விலை போட்டிருந்தார்கள். சீனர்களே பலர் இதில் ஏமாறுகிறார்கள் என்று என் அலுவலக நண்பர் பிறகு சொன்னார். விவரம் தெரிந்தவர்கள், 'ஜின்னுக்கா, லியாங்குக்கா?' என்று கேட்ட பிறகுதான் மீன் சொல்வார்களாம்.

ஒரு பையன் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு மீனைக் கொண்டுவந்து மேசைப் பக்கம் காட்டினான். துள்ளியது. அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். தங்கை படம் எடுத்தாள். எடை எவ்வளவு என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது வாத்துக்கு வருகிறேன். பெய்ஜிங் வாத்தைப் பற்றி அப்பா போவதற்கு முன்பே நிறைய படித்து வைத்திருந்தார். கழுத்து வழியாகத் தீவனம் புகட்டிக் கொழுக்க வைக்கும் வெள்ளை வாத்து அது. தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றை ஊதிப் பிரிப்பார்கள். வெந்நீர் ஊற்றித் தோலை இறுக்கி, மேலே மால்ட் பாகு பூசி, காற்றில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். சுடும்போது வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. அப்போது உள்ளே சதை ஆவியில் வேகும், வெளியே தோல் நெருப்பில் முறுகும். சுடுவதில் இரண்டு வழி. 1416-இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் பியன்யிஃபாங் உணவகத்தின் வழி மூடிய அடுப்பு. சுவான்ஜூதேயின் வழி திறந்த அடுப்பு. இலந்தை, பேரி போன்ற பழமரங்களின் விறகை எரித்து, வாத்தை அதன் முன்னே கொக்கியில் தொங்கவிட்டுச் சுடுவது. நன்றாகச் சுட்ட தோல் பேரீச்சம்பழ நிறத்தில் இருக்கும். தோலில் ஒரு துண்டைச் சர்க்கரையில் தொட்டு வாயில் போட்டால் கடிக்க வேண்டியதே இல்லை, நொறுங்கிக் கரைந்துவிடும். பழக்கமான கை ஒரு வாத்திலிருந்து நூறு துண்டுக்கு மேல் சீவும், ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோல் ஒட்டியிருக்கும்படி. மீதி எலும்பை சூப் வைக்கலாம், உப்பும் மிளகும் போட்டுப் பொரிக்கலாம், அல்லது பொட்டலமாகக் கையில் வாங்கிக்கொள்ளலாம். அது நம்முடையது.

எங்கள் வாத்து பத்தே நிமிடத்தில் வந்தது. கூட்டமான கடையில் ஓயாமல் சுட்டுக்கொண்டே இருப்பார்கள், அங்கே சீக்கிரம் வந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இந்தக் கடையிலோ கூடத்தில் ஐந்து மேசைகளில்தான் ஆள் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் எரிந்த அடுப்பில் நாங்கள் நுழைந்தபோது ஒரு வாத்துகூடத் தொங்கவில்லை. எங்களுடையது சமையலறைக் கதவு வழியாக வந்தது. சீவுகிறவர் தள்ளுவண்டியை எங்கள் பக்கத்தில் நிறுத்தி, மார்புப் பகுதியை மட்டும் அழகாகச் சீவி ஒரு தட்டில் அடுக்கினார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சின்னத் தட்டு வந்தது. அவ்வளவுதான்.

தோல் ஆறிப்போய் ரப்பர் மாதிரி இழுபட்டது. சர்க்கரையில் தொட்டும் நொறுங்கவில்லை. காலையில் சுட்டதைத் திரும்பச் சூடாக்கியிருக்கிறார்கள் என்பது என் முடிவு. அப்பா ஒன்றும் சொல்லாமல் மெல்லிய அப்பத்தில் வெங்காயத்தாளையும் வெள்ளரியையும் வைத்து, இனிப்புச் சாந்து தடவிச் சுருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாதான் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்பா, தொடை எங்கே? ரெண்டு தொடைக் கறியும் இதுல இல்லையே."

இரண்டு தட்டிலும் இருந்த துண்டுகளைத் தங்கை எண்ணினாள். சாப்பிட்டதையும் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டாது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாம் இதில்தான் இருக்கிறது, எலும்பு சூப்புக்குப் போய்விட்டது என்றாள். சூப் வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. எங்கள் வாத்தில் பாதி வேறு யாருடைய தட்டுக்கோ போயிருக்க வேண்டும். இதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இத்தனை வருடம் வாத்தைச் சுத்தம் செய்து, வெட்டி, பங்கு வைத்த அம்மாவின் கண்ணை நான் நம்புகிறேன்.

மீன் வந்தபோதும் அம்மா அதையேதான் சொன்னாள். பையில் துள்ளிய மீனைவிடத் தட்டில் இருந்தது சிறியது. முக்கால் கிலோகூட இருக்காது என்றாள். பில்லில் 1.2 கிலோ.

பில்லை வரிசையாகவே தருகிறேன். வாத்து 328. அப்பம், சாந்து, வெங்காயத்தாள் எல்லாம் தனிக்கணக்கு, ஆளுக்கு 18 வீதம் 72. கேட்காமல் ஊற்றிய தேநீர் 168. கீரை இரண்டும் சேர்த்து 126. வாத்து எலும்பை சூப் வைத்துத் தந்த கூலி 48. மீன் 24 லியாங், 1,392. இதற்கெல்லாம் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். அப்பா பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான்தான் வாத்து வாத்துன்னு கேட்டேன்" என்றார். அதைக் கேட்டபோது எனக்குப் பணம் போனதைவிட வேதனையாக இருந்தது. வாழ்நாளில் ஒருமுறை வந்தவர், ஆசைப்பட்டு ஒரே ஒரு சாப்பாடு கேட்டார். அதை அவர் குற்றமாக நினைக்கும்படி செய்துவிட்டார்கள்.

மேலாளரை வரச்சொன்னேன். அவர் பட்டியலைத் திறந்து லியாங் என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தார். எழுதித்தானே இருக்கிறது என்றார். அது சரிதான், எழுதியிருந்தது. எடை போட்ட சீட்டைக் காட்டுங்கள் என்றேன். இல்லை. தேநீர் விலை பட்டியலில் எங்கே என்றேன். பக்கங்களைப் புரட்டினார், அங்கேயும் இல்லை. ஃபாபியாவ் கொடுங்கள் என்றேன். அது வரித்துறைக் கணக்கில் ஏறும் அதிகாரபூர்வ ரசீது. இயந்திரம் பழுது என்றார். அப்போதுதான், சரி, 12315-க்குப் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தேன். சீனா முழுவதும் நுகர்வோர் புகாருக்கான எண் அது. அந்த எண்ணைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. தேநீரையும் சேவைக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார், இயந்திரமும் வேலை செய்தது. 1,966 யுவான் கட்டிவிட்டு வெளியே வந்தோம். ஓட்டுநர் சிரித்த முகத்தோடு வாத்து எப்படி என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை புகார் கொடுத்தேன். சீன மொழி தெரியாதவர்கள் பெய்ஜிங் நகராட்சியின் 12345 எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம். எங்களைக் காப்பாற்றியது தங்கை எடுத்த படங்கள்தான். பட்டியலின் பக்கம், பையில் மீன், தட்டில் மீன், வாத்துத் தட்டு இரண்டும், பில் என்று எல்லாம் இருந்தது. நுகர்வோரை ஏமாற்றியது உறுதியானால் கொடுத்த விலையைத் திருப்பித் தருவதோடு அதன் மூன்று மடங்கை இழப்பீடாகவும் தர வேண்டும், அந்த இழப்பீடு 500 யுவானுக்குக் குறையக் கூடாது என்று 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் சொல்கிறது. எங்கள் விஷயத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. மீனை யாரும் எங்கள் கண் முன்னால் எடை போடவில்லை, அதனால் எடை குறைவு என்பதற்கு ஆதாரம் இல்லை. பொய் எடை காட்டும் தராசுக்குச் சீனர்கள் 'பேய்த் தராசு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தத் தராசைக்கூட யாரும் காட்டவில்லை. ஒன்பது நாள் கழித்து அதிகாரி ஒருவர் சமரசம் பேசி, கடை 700 யுவான் திருப்பித் தர ஒப்புக்கொண்டது என்றார். ஏற்றுக்கொண்டேன்.

கடைப் பெயரைக் கேட்டுச் சிலர் செய்தி அனுப்புவீர்கள். அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம் என்பதால் எழுதவில்லை. வாடகைக் கார் ஓட்டுநரோ, கடைத்தெருவில் தானாக வந்து ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுப்பவரோ கூட்டிப்போகும் எந்த இடத்துக்கும் போகாதீர்கள். உட்கார்ந்ததும் தேநீருக்குக் காசு உண்டா, அப்பமும் சாந்தும் வாத்து விலையில் அடக்கமா என்று கேளுங்கள். உயிருள்ள மீனோ இறாலோ சொன்னால், தண்ணீரை வடித்துவிட்டு உங்கள் எதிரில் எடை போடச் சொல்லி, மொத்த விலையை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பட்டியலில் எண் இல்லாமல் 'நடப்பு விலை' என்று மட்டும் போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். வாத்தைச் சீவும்போது பக்கத்தில் போய் நின்று பாருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், பார்ப்பதற்காகத்தான் வண்டியை மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். பாதியில் வண்டி உள்ளே போனால் நிறுத்தச் சொல்லுங்கள். பணத்தை அலிபே, வீசாட் என்ற கைபேசிச் செயலிகள் வழியாகக் கட்டினால் எவ்வளவு, எப்போது, யாருக்கு என்ற பதிவு உங்களிடம் இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் விடுதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டு மேசை போட்ட சின்னக் கடையில் மறுபடி வாத்து சாப்பிட்டோம். அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார், அம்மா விடவில்லை. நாற்பது நிமிடம் ஆகும், இப்போதுதான் அடுப்பில் ஏற்றினோம் என்று சொல்லி எங்களை உட்கார வைத்தார்கள். சீவும்போது அம்மா எழுந்து போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். சீவுகிறவர் நிமிர்ந்து பார்த்தார், அவளும் பார்த்தாள். இரண்டு தொடையையும் சீவி முடிக்கும் வரை அவள் உட்காரவே இல்லை.