மாருதி 800-இல் மூன்று வருடம் ஆயில் அடிடிவ் ஊற்றிப் பார்த்த அனுபவம்

என்னுடையது 2004 மாடல் மாருதி 800. 1,50,000 கிலோமீட்டர் தாண்டியதும் ஆயில் குடிக்க ஆரம்பித்தது, 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் குப்பென்று நீலப் புகை வரும், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். எஞ்சினைப் பிரிக்க மனசு வரவில்லை, அதனால்தான் எஞ்சின் ஆயிலோடு கலந்து ஊற்றும் அடிடிவ் பக்கம் போனேன்.

முதலில் ஊற்றியது தேன் மாதிரி கெட்டியானது. இந்த வகையில் பெரும்பாலும் இருப்பது ஆயிலைத் தடிமனாக்கும் பாலிமர். மறுநாளே சத்தமும் புகையும் குறைந்தன. ஆனால் நான் ஞாயிறுதோறும் காலையில், வண்டி சூடாகும் முன்பு, டிப்ஸ்டிக்கை உருவி பழைய வேட்டித் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்து நோட்டில் குறித்து வந்தேன். முதல் 1,000-த்தில் 400 மில்லி, அடுத்த 1,000-த்தில் பழையபடி அரை லிட்டர். எஞ்சினுக்குள் அரைபட அரைபட அந்தப் பாலிமர் அறுந்துபோகும், தடிமனும் கூடவே போய்விடும். அப்புறம் சீலை, அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மிருதுவாக்கும் வகை. எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றியிருக்கும் கிராங்க் சீல் கசிவு நிஜமாகவே நின்றது, அதை மறுக்க மாட்டேன். புகை மட்டும் அப்படியே.

காரணம் பிடிபட்டது கொடைக்கானல் போய்த் திரும்பும்போது. இறக்கம் முழுக்க ஆக்சிலேட்டரை விட்டு கியரிலேயே இறங்கி, வத்தலக்குண்டு பக்கம் சமதளம் வந்து மிதித்ததும் பின்னால் வந்த பஸ்ஸே கண்ணாடியில் தெரியாத அளவுக்குப் புகை. ஆக்சிலேட்டரை விட்டால் இன்டேக்கில், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில், வெற்றிடம் கூடும், வால்வ் தண்டைச் சுற்றியிருக்கும் இறுகிப்போன வால்வ் சீல் வழியாக அது ஆயிலை உறிஞ்சும். ராத்திரி நிறுத்தி வைத்தால் அதே வழியாகச் சொட்டும், காலைப் புகை அதுதான். மெக்கானிக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார், பிறகு பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறும். அளவு ஏறவே இல்லை, அதனால் ரிங் நன்றாக இருக்கிறது என்றார். வால்வ் சீல் மட்டும் மாற்றினோம். இரண்டு வருடமாக 1,000-த்துக்கு 100 மில்லிகூடக் குறைவதில்லை.

கசிவுக்கு என்றால் சீல் அடிடிவ் ஒருமுறை ஊற்றிப் பார்க்கலாம். புகைக்கு வேண்டாம், முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். எஞ்சினுக்குள் கசடைக் கரைத்துக் கழுவும் ஃப்ளஷ் திரவத்தை மட்டும் பழைய எஞ்சினில் ஊற்றவே ஊற்றாதீர்கள், வருடக்கணக்காகப் படிந்த கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து ஆயில் பம்ப் வலையை அடைத்தால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.