ஒரு நிமிட சார்ஜில் விடிய விடிய எரியும் டார்ச்சாம்! 1,850 ரூபாய் போச்சு

வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். சேலம் டவுனில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. 'கெப்பாசிட்டர் டார்ச்' (பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் மின்னூட்டத்தைச் சேமிப்பதாம்) என்று ஒன்றை 1,850 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், காபித் தோட்டத்துக்கு நடுவே. காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் இருக்காது. ராத்திரியில் காட்டெருமை வேறு நடமாடும்.

கடைக்காரர் டார்ச்சைச் சார்ஜரில் செருகினார். ஒரு நிமிடத்தில் பிடுங்கி, பரணைப் பார்த்து அடித்தார். மேலே கிடந்த ஒயர் சுருளின் விலைச்சீட்டைக்கூடப் படிக்க முடிந்தது. "பேட்டரியே இல்லைங்ணா. ஒரு நிமிஷம் போட்டா விடிய விடிய எரியும். எங்கம்மாவுக்கே இதுதான் வாங்கி வச்சிருக்கேன்." அம்மாவைச் சொன்ன பிறகு என்ன பேசுவது? பணத்தை எடுத்து வைத்தேன்.

கரண்ட் போன முதல் ராத்திரியே அரை மணியில் மங்கிவிட்டது. திரும்ப ஏற்றினால் மூன்று மணி நேரம் ஆகிறது. கடையில் காட்டியது முன்பே ஏற்றி வைத்த டார்ச்! ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே பெயர் எதுவும் இல்லாத லித்தியம் செல் ஒன்று. பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் நீலக் கெப்பாசிட்டர், பசை வைத்து ஒட்டியிருக்கிறது. அதன் இரண்டு கால்களிலும் ஒயரே இல்லை. வெறும் பொம்மை.

நிஜ சூப்பர் கெப்பாசிட்டர் டார்ச் இருக்கத்தான் செய்கிறது. வேதிவினையை நம்பாமல் மின்னூட்டத்தை அப்படியே பிடித்து வைப்பதால் சட்டென்று ஏறும், லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். ஆனால் கொள்வது கொஞ்சம்தான். 10 வாட் சார்ஜர் ஒரு நிமிடத்தில் தருவது 600 ஜூல் ஆற்றல். 1 வாட் எல்இடி பத்து நிமிடத்தில் அதைத் தின்று தீர்த்துவிடும். அப்புறம் எங்கே விடிய விடிய? சும்மா வைத்தாலும் நாளாக ஆக இறங்கிவிடும். ஃபியூஸ் போட, மாட்டுக் கொட்டகைவரை போய்வர, கையால் சுற்றி ஏற்றும் டார்ச்சுக்கு அது சரி.

போன் செய்தால் "சார்ஜரை மாத்திப் பாருங்க". அப்புறம் "கம்பெனிக்காரர் செவ்வாய்க்கிழமை வருவார்". நேரில் போனால் "ஓனர் சாப்பிடப் போயிருக்காருங்ணா". கடைசியில் ஓனரே, "ஸ்க்ரூவைத் தொட்டுட்டீங்களே, வாரண்டி போச்சு" என்கிறார். 1,850 ரூபாய்க்கு இதுதான் மரியாதை!

வாங்கும் முன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. எத்தனை ஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்று கேளுங்கள், முழித்தால் நடையைக் கட்டுங்கள். அணையும்வரை எரியவிட்டு, கண்ணெதிரே ஏற்றச் சொல்லுங்கள். துண்டுச்சீட்டை வாங்காதீர்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 1,850 ரூபாயை விடப்போவதில்லை.